யூலான் கிழித்த கோடு

வெஸ்ட்மீட், சிட்னி
9 செப்டம்பர் 2024

நிஷானி அக்காவுக்கு,

கையால் கடிதம் எழுதிப் பல வருஷமாயிற்று. கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் எதையும் எழுதப் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை காலையில் நம் ரசிகர் குழுவில் நீங்கள் எழுதிய ஒரு வரியை மதியத்துக்குள் யாரோ படம் பிடித்து வெய்போ என்கிற சீனத் தளத்தில் ஏற்றிவிட்டார்கள். குழுவில் இருக்கிற நாற்பது பேரில் அது யார் என்று துப்பறிய எனக்குத் தெம்பில்லை. நீங்களோ போனை அணைத்துப் போட்டுவிட்டீர்கள். அதனால்தான் இந்தத் தபால்.

அக்கா, நான் நேராகவே கேட்கிறேன். அந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நாம் என்ன பெரிய குற்றமா செய்தோம்? யான் ஷுபேய் என்று ஒரு சீன நடிகன். நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராமல் கிடந்த நாட்களில் அவனுடைய தொடர்தான் எனக்குத் துணை. நீங்கள் அவனுக்காகச் சீனமே படித்தீர்கள். அவன் பிறந்தநாளுக்கு மெல்பர்னில் உங்கள் கிளென் வேவர்லி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் விழா வைத்தோம். ஷாங்காயில் இருக்கிற அவனுடைய தலைமை ரசிகர் மன்றம் இந்த வருஷம் ஒரு போட்டி வைத்தது. எந்த வெளிநாட்டு மன்றத்தின் விழாவுக்கு அதிக நாட்டுக்காரர்கள் வருகிறார்களோ, அந்த மன்றத்தின் வாழ்த்துப் பலகை அவன் கைக்கே போய்ச் சேருமாம். அந்த ஆசையில்தான் எல்லாம் கெட்டது.

பலகையில் பெயர், நாடு என்று இரண்டு கட்டம் போட்டது நீங்கள். "அவரவர் தங்கட நாடு எண்டு எதை நினைக்கினமோ அதை எழுதட்டும்" என்று பேனாவைக் கொடுத்ததும் நீங்கள். முதல் ஆளாக உங்கள் பெயருக்கு எதிரே மன்னார் என்று எழுதினீர்கள். நான் சிரித்துக்கொண்டே கோயம்புத்தூர் என்று எழுதினேன். உங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் யூலான் சீனா என்று எழுதினாள். நர்சிங் படிக்கிற அந்தத் தைவான் பெண் தைவான் என்று எழுதினாள். நீங்கள் எண்ணிப் பார்த்துவிட்டுக் கனடாக்காரர்களைத் தோற்கடித்துவிட்டோம் என்று குதித்தீர்கள். அப்போதே யூலான் உங்கள் கையைப் பிடித்து, இந்தப் பலகைப் படத்தை வெய்போவில் ஏற்ற வேண்டாம் அன்ரி என்று சொன்னாள். நான் கேக் தட்டோடு பக்கத்தில் நின்றேன். "ஒண்டும் நடக்காது பிள்ளை, போடு" என்றீர்கள்.

இப்போது பாருங்கள். தைவானைத் தனி நாடாக எழுதிச் சீனாவைப் பிளக்க வந்தவர்கள் என்று லட்சக்கணக்கில் வசவு. நம் மன்றத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். என் தம்பி ஊரில் ஒரு நடிகருக்கு மன்றம் வைத்திருந்தவன். கட்-அவுட்டில் ஏறிப் பால் ஊற்றி, காலை உடைத்துக்கொண்டவன். எதிர் நடிகரின் ஆட்களோடு சட்டை கிழியச் சண்டை போடுவான். ஆனால் அவனிடம்கூட யாரும் தேசப்படம் கேட்டதில்லை. இங்கே ரசிகை என்றால் முதலில் தேசபக்தை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

தலைமை மன்றம் அனுப்பிய வாசகத்தை நீங்கள் கையால் எழுதி, முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மாதக் கடைசி வரைக்கும் தவணை. மூன்று வரிதான் அக்கா. எழுதித் தொலையுங்களேன். எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

மோனிகா


கிளென் வேவர்லி
14 செப்டம்பர் 2024

அன்பின் மோனிகா,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் இரண்டு பேரும் இல்லை. அதனால் அதை விடுவோம்.

போனை நான் கோபத்தில் அணைக்கவில்லை. என்னுடைய இலக்கத்தை ஆரோ வெளியிட்டுவிட்டார்கள். ஓயாமல் அடிக்கிறது. எடுத்தால் ஒரு சின்னப் பெட்டையின் குரல் சீனத்தில் தூசணம் சொல்லி ஏசுகிறது. என்னுடைய சீனம் அவ்வளவு வளர்ந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

மூன்று வரி என்று எழுதியிருந்தீர். அந்த மூன்றையும் நீர் வாசித்தீரோ? உம்முடைய போன் மொழிபெயர்த்ததைத்தானே வாசித்திருப்பீர். முதல் வரி, மனதைப் புண்படுத்தியதற்கு மன்னிப்பு. அதை நான் இப்பவே எழுதுவேன். இரண்டாவது வரி, தைவான் ஆருக்குச் சொந்தம் என்று நான் சத்தியம் பண்ண வேண்டும். மூன்றாவதில், அந்தத் தைவான் பிள்ளைதான் என்னை ஏமாற்றி எழுதினவள் என்று அவளுடைய முழுப் பெயரும் படிக்கிற இடமும் போட வேண்டும். பேனாவை அவளுடைய கையில் கொடுத்தது நான். இப்ப அவளைக் காட்டிக் கொடுக்கச் சொல்லுகிறீரோ?

தைவான் ஆருடையது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லுவதற்கு நான் ஆர்? உன்னுடைய நாடு இதுதான் என்று இன்னொருத்தர் எனக்குச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை நான் வேறொருத்திக்குச் செய்யமாட்டேன். மற்றது, மன்னாரை நாடு என்று எழுதினதுக்கு ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லையே. நாங்கள் நாடு வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான் போல.

என்னுடைய மனிசன் ஜெயசிங்கத்தை உமக்குத் தெரியும். வாய் திறக்காத ட்ராம் ஓட்டுநர். இளந்தாரியாக இருந்தபோது ஒரு சோதனைச் சாவடியில் சிங்களத்தில் எழுதின தாள் ஒன்றை நீட்டிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாது. வீட்டுக்குப் போனால் போதும் என்று வைத்துவிட்டு வந்தார். வெளிநாடு வருவதற்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கப் போனபோது அதே தாளைத் தூக்கி முன்னால் போட்டார்கள். அதில் இருந்ததெல்லாம் அவர் செய்யாத வேலைகள். அந்தத் தாளால் நாங்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. அவருக்காவது வாசிக்கத் தெரியாது. எனக்கு இது வாசிக்கத் தெரிகிறது. பிறகு எப்படி வைப்பேன்?

ஆகவே மாட்டேன். மன்றத்தின் பெயரை அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். யான் ஷுபேய்ப் பெடியனுடைய முகத்தை ரெலிவிஷனில் பார்க்க ஆருடைய அனுமதியும் எனக்குத் தேவையில்லை. நீர் எனக்கு நாலு வருஷமாகத் தங்கச்சி மாதிரி. நீரே இப்படிக் கேட்டது எனக்கு மனவருத்தம்தான்.

யூலானுக்கு இந்த அமளி தெரியாது போல. சோதனை வருகுதாம், படிக்கிறாளாம். சாப்பிடக்கூடக் கீழே இறங்குவதில்லை, சோற்றை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன்.

நிஷானி


வெஸ்ட்மீட்
19 செப்டம்பர் 2024

அக்கா,

இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். கிடைத்த உடனே மாடிக்கு ஏறிப் போங்கள்.

யூலானுக்கு எல்லாம் தெரியும். நேற்று டூட்டி நடுவில் எனக்குப் போன் செய்தாள். முதலில் அழுகைச் சத்தம் மட்டும்தான் வந்தது, யாரென்றே புரியவில்லை. நம் மன்றத்தின் வெய்போக் கணக்கு அவளுடைய சீன நம்பரில் அல்லவா இருக்கிறது? நமக்குக் கணக்கு கிடைக்காது என்று அவளை ஆரம்பிக்கச் சொன்னோமே, அது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் யார், எந்த ஊர், அப்பா யார் என்று எல்லாவற்றையும் கிளறி எடுத்துவிட்டார்கள். ஹூனானில் ஒரு சின்ன ஊரில் அவள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவர். தேசத்துரோகியைப் பெற்றவன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாமா என்று பள்ளிக்கூடத்துக்கு நாள் பூராவும் போன். தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வகுப்புக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அன்ரி சோறு வைக்கிறார். நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். அக்காவிடம் சொல்லாதீர்கள் என்று சத்தியம் வாங்கினாள். போனில் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கொள்கை பேசுவது எனக்குப் புரிகிறது. அங்கிள் விஷயம் படித்துவிட்டு எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் கொள்கை உங்களுடையது, வேலை போகிறது அவள் அப்பாவுக்கு. வேண்டாம் என்று அவள் சொன்னாள், போடு என்று நீங்கள் சொன்னீர்கள். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சீனாக்காரர்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தேனா, நேற்று சாப்பிடும்போது சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் கிரிக்கெட்டில் இந்தியா தோற்ற அன்று, எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கிற மளிகைக்கடைக்காரர் சிரித்தார் என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டார்கள். இனி அந்தக் கடைக்கு ஒருவரும் போகக்கூடாது என்று தீர்மானம். என் வீட்டுக்காரர் பிரதீப்குமாரும் கையைத் தூக்கினார். பத்து நாள் கழித்து அதே கடையிலிருந்து இட்லி மாவு வாங்கி வந்தார். கடைக்காரர் பயத்தில் வாசலில் இந்தியக் கொடி கட்டியிருந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

மாடிக்குப் போங்கள் அக்கா.

மோனிகா


கிளென் வேவர்லி
25 செப்டம்பர் 2024

மோனிகா,

போனேன். அவள் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே நிலத்தில் இருந்தாள். போனைக் குளிக்கிற துவாயில் சுற்றிச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தாள், அதிர்கிற சத்தம் கேட்காமல் இருக்க. நான் வாசலில் வைத்த சோறெல்லாம் பொலித்தீன் பையில் கட்டியபடி மூலையில் கிடந்தது. நான் மனவருத்தப்படுவேன் என்று எறியாமலும் வைத்திருக்கிறாள், தின்னாமலும் வைத்திருக்கிறாள்.

நான் திட்டு வாங்கத்தான் போனேன். அன்றைக்குச் சொன்னேனே அன்ரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் அதைச் சொல்லவே இல்லை. தகப்பனுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, தாய் கடைக்குப் போகவும் கூசுகிறா, அவ்வளவுதான் சொன்னாள். ஒன்றும் நடக்காது என்று நான் சொன்ன வாயை என்ன செய்யலாம் சொல்லும். கனடாவைத் தோற்கடிக்க எனக்கு வந்த அவதி, அவசரம். குடிபெயர்ந்து வந்த கிழவிக்கு இதெல்லாம் ஒரு கேடு.

அன்றைக்கே கதிரையை இழுத்துப் போட்டு எழுதினேன். மூன்றாவது வரியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எழுதினேன். இரண்டாவது வரிக்கு மட்டும் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். ஜெயசிங்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டார். முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன், யூலான் படம் எடுத்து அனுப்பினாள்.

என்ன நடந்தது தெரியுமோ? என்னுடைய எழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருக்கிறதாம். அதை வைத்துக் கேலிப்படம் செய்து ஊர் முழுக்க அனுப்பினார்கள். ஒரு வரியைக் காணவில்லை என்பதையும் பிடித்துவிட்டார்கள். மனதில்லாமல் எழுதினது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மானத்தை விட்டும் பயன் இல்லாமல் போனது என்றால் இதுதான்.

இப்ப அவர்களுக்கு என்னுடைய மன்னிப்பே தேவையில்லை. யூலான் தன்னுடைய முகத்தைக் காட்டி, என்னுடைய பெயரைச் சொல்லி, எனக்கும் தனக்கும் இனி ஒரு தொடர்பும் இல்லை என்று கோடு கிழிக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் தகப்பனுடைய விஷயத்தைத் தாங்களே பேசி முடிப்போம் என்று தலைமை மன்றத்தின் பெரிய பிள்ளை ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவளுக்கே இருபது வயதுதான் இருக்கும்.

யூலான் மாட்டேன் என்கிறாள். "வாடகை பிந்தினபோதும் அன்ரி கேட்கவில்லை. காய்ச்சலில் கஞ்சி வைத்துத் தந்தார். நான் சொல்லமாட்டேன்" என்று விறைத்துப்போய் நிற்கிறாள். எனக்கென்று இவ்வளவு பிடிவாதமாக ஆரும் நின்றதில்லை, மோனிகா. அவளுடைய தகப்பன் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள்ளேயே குந்திக்கொண்டிருக்கிறார். எனக்கு நித்திரையும் இல்லை, செபமும் ஓடவில்லை.

நிஷானி


வெஸ்ட்மீட்
7 அக்டோபர் 2024

அக்கா,

யூலான் போட்ட அந்த வீடியோவைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து கொதிக்கிறது.

சப்டைட்டில் போட்டுத்தான் பார்த்தேன், அதுவே போதும். வெளிநாட்டில் தனியாக இருந்த தன்னை அந்தப் பெண், அதாவது நீங்கள், பயன்படுத்திக்கொண்டாளாம். கட்டாயப்படுத்திப் படத்தை ஏற்ற வைத்தாளாம். அந்தப் பெண் தன் நாட்டிலேயே பிரிவினை பேசியவள், அதே விஷத்தைத் தனக்கும் ஊட்டப் பார்த்தாளாம். இனி அவள் முகத்திலும் விழிக்கமாட்டாளாம். ஒரு கண்ணீர்கூட இல்லை அக்கா, முகத்தில் அப்படி ஒரு வெறுப்பு. அவள் பின்னால் தெரிகிறது உங்கள் கிச்சன். அந்தோணியார் படம் ஒட்டின உங்கள் பிரிட்ஜ். உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, உங்கள் சோற்றைத் தின்றுகொண்டு, எப்படி அவளுக்கு வாய் வந்தது?

நான் உங்களிடம் சண்டை போட்டதே அவளுக்காகத்தான். மாடிக்குப் போங்கள் என்று கெஞ்சினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் சும்மா இருக்கவில்லை. அவள் வீடியோவுக்குக் கீழேயே ஆங்கிலத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி கேட்டுவிட்டேன். நன்றி கெட்டவள், நாடகக்காரி என்று என் சொந்தப் பெயரிலேயே எழுதினேன். தனியாகவும் எழுதினேன், அது இன்னும் மோசம்.

உங்கள் வேலையிடத்துக்கும் போய்விட்டார்கள் என்று அங்கிள் போனில் சொன்னார். குழந்தைகள் காப்பகத்தில் இப்படிப்பட்டவளை வைத்திருக்கலாமா என்று வரிசையாகப் புகாராம். அவர் குரலே சரியில்லை. முதலில் அவளை வீட்டைவிட்டு அனுப்புங்கள். பெட்டியைத் தூக்கி வாசலில் வையுங்கள். நான் லீவு போட்டுவிட்டு வரட்டுமா?

மோனிகா


கிளென் வேவர்லி
12 அக்டோபர் 2024

அன்பின் மோனிகா,

இதை வாசித்தவுடன் அடுப்பில் போட்டுவிடும்.

அந்த வீடியோவை எடுத்தவள் நான். போனைப் பிடித்துக்கொண்டு நின்ற கை என்னுடையது. மேசை லைற்றைத் தூக்கிப் பிடித்தவர் ஜெயசிங்கம். அவள் வாசித்ததெல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. எங்கேயும் பிழை வரக்கூடாது என்று அகராதி வைத்து இரண்டு நாள் இருந்து எழுதினேன். என்னைப் பற்றி இவ்வளவு வடிவாகக் கெட்டது எழுத என்னைவிட ஆருக்குத் தெரியும்?

அவள் இலேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் நான் சொன்னேன், "உன்ர அப்பா ஒரு பிழையும் செய்யேல்லை. நான் செய்தனான். எனக்கு விழுறது எனக்கு விழட்டும், நீ இடையில நிக்காத." அதற்குப் பிறகுதான் கதிரையில் வந்து இருந்தாள்.

முதல் தரம் என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள், குரலே எழும்பவில்லை. அதிலும் அன்ரி அன்ரி என்றே சொல்லுகிறாள். அப்படிக் கூப்பிட்டால் ஆர் நம்புவார்கள் என்று நிற்பாட்டினேன். அந்தப் பெண் என்று சொல்லு என்றேன். அவளுக்கு அந்த ஒரு சொல்தான் வரவில்லை, மற்றதெல்லாம் வந்துவிட்டது. பிறகு என்னைப் பார்க்காமல் போனின் விளிம்பைப் பார்க்கச் சொன்னேன். அழுதால் வேஷம் என்பார்கள், அழாதே, கோபப்படு என்றேன். கோபம் வரவில்லை என்றாள். நீ வேண்டாம் என்று சொல்லியும் நான் கேட்காமல் போடச் சொன்ன அந்த நேரத்தை நினை என்றேன். அதுக்குப் பிறகு வந்தது. நீர் பார்த்த அந்த வெறுப்பு முழுவதும் நடிப்பில்லை, மோனிகா. கொஞ்சம் உண்மை. அது எனக்கு வரவேண்டியதுதான்.

முடிந்தவுடன் குசினித் தொட்டியில் குனிந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு ஜெயசிங்கம் லைற்றை அணைக்காமல் அப்படியே நின்றார்.

உமக்கு முதலே சொல்லாததுக்குக் கோபிக்கவேண்டாம். உமக்கு நடிக்க வராது. நீர் உண்மையாகக் கொதிக்க வேண்டியிருந்தது. அவளுடைய பக்கத்தில் நீர் எழுதினதை அங்கே ஆயிரம் பேர் மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறார்கள், "பாருங்கள், அந்தக் கூட்டமே இவளைத் திட்டுகிறது, அப்ப இவள் எங்கட பிள்ளைதான்" என்று. அதை அழிக்க வேண்டாம்.

தகப்பனைத் திங்கட்கிழமை திரும்ப வகுப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்றே அவள் போக வேண்டியதாயிற்று. என்னுடைய வீட்டில் இருந்துகொண்டு என்னோடு கோடு கிழித்தேன் என்று சொல்ல ஏலாதே. பொக்ஸ் ஹில்லில் அவளுடைய நாட்டுப் பிள்ளைகளோடு ஓர் அறை கிடைத்திருக்கிறது. அவர்கள் காணக்கூடாது என்று தெரு முனையிலேயே பெட்டியை இறக்கிவிட்டு ஜெயசிங்கம் திரும்பி வந்தார். எனக்குக் கையசைக்கவும் முடியவில்லை.

காப்பகத்தில் என்னைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீர் வரவேண்டாம். ஆர் ஆர் பார்க்கிறார்கள் என்று தெரியாது.

நிஷானி


வெஸ்ட்மீட்
20 பிப்ரவரி 2025

நிஷானி அக்கா,

உங்கள் போன கடிதத்தை எரித்தேன். அதற்குப் பிறகு இத்தனை மாதமும் உங்களுக்கு என்ன எழுதுவது என்றே தெரியாமல் இருந்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டைகூட அனுப்பவில்லை. வெட்கம்தான் அக்கா, வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யூலான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மெல்பர்னிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் தனியாக அனுப்பிய வசவுகளை நினைத்துக்கொண்டு நின்றேன். அவளே உள்ளே வந்து என் கையைப் பிடித்து, "நீங்கள் திட்டியதால்தான் எல்லோரும் நம்பினார்கள். நன்றி" என்றாள். நன்றி சொல்ல வந்தவளைப் பார்த்து நான்தான் அழுதேன்.

அவள் நிலைமையைக் கேளுங்கள். அவள் இப்போது பெரிய ஆள். வீடியோவை இருபது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். புதிதாக ஆரம்பித்த ஆஸ்திரேலிய மன்றத்துக்கு அவளையே தலைவியாக்கியிருக்கிறார்கள். பெயர் தெரியாதவர்கள் பரிசு அனுப்புகிறார்கள். அறையில் கூட இருக்கிற பெண்கள் அவளோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நடிகனின் அலுவலகத்திலிருந்துகூட ஒரு கையெழுத்துப் படம் வந்ததாம். அதைச் சுவருக்கு முகம் காட்டித் திருப்பி வைத்திருக்கிறாளாம். ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படத்துக்காக நாம் மூன்று பேரும் என்னவெல்லாம் செய்திருப்போம்.

இப்போது அவளிடம் இன்னொரு வேலை கேட்கிறார்கள். அடிலெய்டில் ஒரு சீன மாணவி ஏதோ கேலியாக எழுதிவிட்டாளாம். அவளைப் பற்றியும் யூலான் ஒரு வீடியோ போட வேண்டுமாம். யூலான் சொன்னால் எடுபடும் என்கிறார்களாம். இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டாள். என் வீட்டு சோபாவில் படுத்துப் பகல் முழுக்கத் தூங்கினாள்.

அவள் கேட்டு வரச்சொன்னது ஒன்றுதான். அந்த வீடியோவை அழித்துவிட்டு, அதெல்லாம் பொய், அன்ரி அப்படிப்பட்டவர் இல்லை என்று எழுதிவிடட்டுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள். நீங்கள் சரி என்றால் அன்றைக்கே செய்துவிடுவாள். அக்கா, சரி என்று சொல்லுங்கள். உங்களுக்கு வேலையும் இல்லை. சர்ச்சில் பூசைக்குப் போனால் சனம் ஒரு மாதிரிப் பார்க்கிறது என்று அங்கிள் சொன்னார். எத்தனை நாளைக்கு இதைச் சுமப்பீர்கள்? அவளும் பிழைப்பாள், நீங்களும் பிழைப்பீர்கள்.

உங்கள் மோனிகா


கிளென் வேவர்லி
2 மார்ச் 2025

அன்பின் மோனிகா,

வாழ்த்து அட்டை வராததுக்கெல்லாம் நான் கோபிக்கிற ஆள் இல்லை. வெட்கப்பட்டது போதும். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனால் உம்முடைய பெருமாளிடம் என்னுடைய பெயரையும் ஒருக்கால் சொல்லிவிடும். அந்தோணியார் பொறாமைப்படமாட்டார்.

யூலானிடம் சொல்லும், அழிக்க வேண்டாம்.

அவளுடைய தகப்பன் ஓய்வு எடுக்க இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அதை அவளே எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதுவரைக்கும் அந்த வீடியோ அங்கேயே கிடக்கட்டும். இப்ப அழித்தால் அவர்கள் முதலில் போவது என்னிடம் இல்லை, அந்தத் தகப்பனிடம்தான். அதற்குப் பிறகு அவரை எந்தக் கோட்டாலும் காப்பாற்ற ஏலாது. நாலு வருஷம் ஓடிவிடும். அதுவரைக்கும் நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். எனக்குப் பழகிவிட்டது. காப்பகம் போனால் போகட்டும், ஒரு முதியோர் இல்லத்தில் சமையலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே ஒருத்தருக்கும் கண் தெரியாது, போனும் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் அடிலெய்ட் பிள்ளையின் விஷயத்தில் அவள் வாய் திறக்கக்கூடாது. இதை மட்டும் கட்டாயம் சொல்லும். காய்ச்சல் என்று படுக்கட்டும், சோதனை என்று சொல்லட்டும், தொண்டை அடைத்துவிட்டது என்று சொல்லட்டும், என்ன பொய்யும் சொல்லட்டும். என்னைப் பற்றிச் சொன்னது நான் எழுதிக் கொடுத்தது, அதற்கு நான் பொறுப்பு. அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னால் அது இவளுடையது. அதை எடுத்துக்கொண்டு அவள் என்னுடைய வீட்டு வாசலுக்கு வரவேண்டாம்.

மற்றது, இன்னொன்றையும் நீர் அறிய வேண்டும். போன வியாழக்கிழமை அவளை ரயிலில் கண்டேன். அவளோடு நாலைந்து பிள்ளைகள், எல்லாருடைய பையிலும் பெடியனுடைய படம் தொங்குகிறது. அவர்கள் என்னை அடையாளம் கண்டுவிட்டார்கள், முழங்கையால் இடித்துச் சைகை காட்டினார்கள். ஒருத்தி போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினாள். இவள் முகத்தைத் திருப்ப வேண்டும், அதுதானே ஒழுங்கு. இவள் திருப்பவில்லை. என்னையே பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு வந்தது, சிரிக்கப் போகிறாளோ, அழப் போகிறாளோ, ஒரு சொல் சொல்லப் போகிறாளோ என்று எனக்கு விளங்கவில்லை. வாய் அன்ரி என்கிறதுக்குத்தான் திறந்தது என்று நினைக்கிறேன்.

நான் எழும்பிப் போய் அவளுடைய காலடியில் துப்பிவிட்டு, அடுத்த பெட்டிக்கு நடந்தேன்.

நிஷானி